பழைய கார் வாங்கும் வணிகர் கவனத்திற்கு: ஸ்டீரியோ கேட்கும் ரகசிய எண்



சென்ற தலைமுறையில் நம் கடைக்காரர்களுக்கு லாரி சர்வீஸும் பேருந்தின் மேல்தட்டும்தான் வாகனம். விருதுநகரில் பருப்பு, வத்தல், எண்ணெய்க்குச் சொல்லிவிட்டு, சீட்டை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பியவர்கள் அவர்கள். இன்று ஓரளவு வியாபாரம் நடக்கும் மளிகைக் கடைக்காரர் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றால் யாரும் வியப்பதில்லை. ஆனால் அந்தக் கார் பெரும்பாலும் ஷோரூமில் இறக்கியது அல்ல. ஒருவரோ இருவரோ ஓட்டியபின் நம் கைக்கு வருவது. நாம் முதலைச் சரக்கில் போடுகிறவர்கள், இரும்பில் போடுகிறவர்கள் அல்ல. ஆகவே இதில் குறை ஒன்றுமில்லை.

பழைய கார் வாங்கும்போது எஞ்சின் புகையைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம், இன்சூரன்ஸ் தேதியைப் பார்க்கிறோம். ஒரு சின்னச் சீட்டைக் கேட்க மட்டும் மறந்துவிடுகிறோம். அந்தச் சீட்டைப் பற்றித்தான் இக்கட்டுரை.

கான்சாபுரத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் மதுரையில் ஒரு 2013 மாடல் டஸ்டர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை விருதுநகர், மற்ற நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேங்கு, கல்யாணம், காது குத்து. காரில் ஏறியதும் கோடை பண்பலை 100.5 பாடுகிறது. ஆறு மாதத்தில் பேட்டரி இறங்கிவிடுகிறது. புதுப் பேட்டரி மாட்டி வண்டியை எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ரேடியோ மட்டும் பாடாமல், ‘கோடு’ என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்தைக் காட்டி நிற்கிறது. பேட்டரி மாட்டியவர், “செட் போச்சு அண்ணாச்சி, வேற போட்டுக்கிடலாம்” என்கிறார். நம்மவரும் சில ஆயிரம் கொடுத்து வேறு செட் போட்டுவிடுகிறார். கழற்றிய செட் யாரோ ஒருவர் கடையில் போய்ச் சேருகிறது.

அந்த செட்டுக்கு ஒரு கேடும் இல்லை. தன்னை யாரோ திருடிக்கொண்டு போகிறார்கள் என்று எண்ணி அது வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

திருடனுக்குப் போட்ட பூட்டு

1980-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கார் ஸ்டீரியோ திருட்டு பெருகிக் கிடந்தது. கண்ணாடியை உடைத்து, செட்டைப் பிடுங்கி, நிமிடக் கணக்கில் வேலையை முடித்துவிடுவார்கள். இதற்கு இரண்டு மூன்று மருந்து கண்டார்கள். ஒன்று, செட்டையே உருவி வீட்டுக்கு எடுத்துப் போவது. இன்னொன்று, முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. தொண்ணூறுகளில் நம் ஊர்களிலும் சிலர் கல்யாண வீட்டுப் பந்தியில் அந்த முகப்பை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டதை மூத்த உறுப்பினர்கள் பார்த்திருப்பார்கள். மூன்றாவது மருந்துதான் ரகசிய எண்.

அதன் வேலை எளிது. ஸ்டீரியோவுக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் தரும் ஒயர் ஒன்று உண்டு. கடிகாரமும், பதிந்து வைத்த நிலையங்களும் நினைவில் இருப்பது அதனால்தான். அந்த மின்சாரம் அறுந்து மறுபடி வந்தால், செட் உடனே எண்ணைக் கேட்கும். சரியான எண்ணைக் கொடுக்கும்வரை பாடாது. திருடன் பிடுங்கினாலும் மின்சாரம் அறும். பேட்டரி மாற்றினாலும் அறும். இரண்டுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

அம்பாசடர், பத்மினி காலத்திலும், 1983-இல் வந்த மாருதி 800 காலத்திலும் இந்தத் தொல்லை நமக்கு இல்லை. கார் வாங்கிய பிறகு கடையில் தனியாக செட் போட்டுக்கொண்டோம். அவற்றில் பெரும்பாலும் எண் இராது. கம்பெனியே செட் பொருத்திக் கொடுக்கத் தொடங்கிய பிறகு வந்த வினை இது. ஃபோர்டு, ஹோண்டா, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன், ரெனால்ட் வண்டிகளில் இதை அதிகம் காணலாம். ஏறக்குறைய 2000-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட வண்டிகளில்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் வரும். பழைய கார் சந்தையில் நம் கைக்கு எட்டும் விலையில் இருப்பவையும் அவையே. சரக்கு ஏற்றும் சிறு வண்டிகளில் வெளியில் வாங்கிப் போட்ட செட்தான் இருக்கும்; அந்த உறுப்பினர்களுக்குக் கவலை இல்லை.

ஜவுளிக் கடைச் சீட்டு

இந்த எண் எங்கே இருக்கிறது? புது வண்டியோடு ஒரு சிறு அட்டை கொடுப்பார்கள், அல்லது கையேட்டுப் பையில் ஒட்டியிருப்பார்கள். முதல் முதலாளி அதைப் பார்த்தாரோ இல்லையோ, மூன்றாவது கை மாறும்போது அட்டை இருக்காது. புரோக்கருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அட்டை போனாலும் வழி இருக்கிறது. அதை நம் தொழில் கண்ணோடு பார்த்தால் உடனே விளங்கும். ஜவுளிக் கடைகளில் சேலைச் சீட்டில் விற்பனை விலைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்து எழுதியிருப்பார்கள். வாடிக்கையாளர் கண்ணில் அது பட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று முதலாளிக்கும் நம்பிக்கையான கணக்கப்பிள்ளைக்கும்தான் தெரியும். அடக்க விலை அதில் ஒளிந்திருக்கும். கார் செட்டிலும் இதே ஏற்பாடுதான். செட்டின் உடம்பில் ஒரு வரிசை எண் அச்சிட்டு ஒட்டியிருக்கும். அது யார் கண்ணுக்கும் தெரியலாம். அந்த வரிசை எண்ணுக்கு உரிய நான்கு இலக்க ரகசிய எண் எது என்பது கம்பெனியின் கணக்கில் இருக்கும். சீட்டு நம்மிடம், பொருள் அவர்களிடம்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டே வேலை. செட்டின் வரிசை எண்ணைப் படிப்பது; அதைக் கொடுத்து ரகசிய எண்ணை வாங்குவது.

கழற்றுவதற்கு முன்

எல்லா வண்டியிலும் கழற்ற வேண்டியதில்லை. ஃபோர்டு செட்கள் பலவற்றில் 1, 6 ஆகிய இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் வரிசை எண் திரையிலேயே ஓடும். சிலவற்றில் 2, 6. ‘வி’ அல்லது ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தும் அதன் பின் ஆறு இலக்கமும் வரும். ஹோண்டாவிலும் பல மாடல்களில் 1, 6 சேர்த்து அழுத்தும் முறை உண்டு. முதலில் இதைச் செய்து பார்த்து, வருவதை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டின் கடைசிப் பக்கம், கிளவ் பாக்ஸின் உட்புறம், சர்வீஸ் புத்தகத்தின் அட்டை ஆகிய மூன்றையும் பாருங்கள். அக்கறையுள்ள முதல் முதலாளி பென்சிலால் எழுதியிருப்பார்.

திரையில் வராவிட்டால் கழற்றத்தான் வேண்டும். இதைக் கேட்டதும் கை நடுங்க வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த பழக்கம் உள்ளவர் செய்யக்கூடிய வேலைதான். ஆயினும் முதல் தடவை, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்ப்பதே என் யோசனை. கால் மணி நேர வேலைக்கு அவருக்குக் கொடுக்கும் கூலி நியாயமானது. டேஷ்போர்டு கீறினால் ஆகும் செலவு நியாயமானது அல்ல.

செட் முகப்பின் இரு பக்கமும் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது சாவி போட்டுக் கழற்றும் வகை. லாடம்போல் வளைந்த இரண்டு கம்பிச் சாவிகள் உதிரிபாகக் கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. பக்கத்துக்கு ஒன்றாகச் செருகினால் ‘டிக்’ என்று உள்ளே மாட்டும். பிறகு இரண்டையும் சற்று வெளிப்புறமாக விரித்துப் பிடித்துக்கொண்டே செட்டை நேராக உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வெட்டிச் செருகிப் பார்க்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. வருவதும் உண்டு. ஆனால் சாவியில் உள்ள வெட்டு அந்தக் கம்பியில் இராது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளாமல் சிக்கிக்கொண்டால் கம்பியும் வராது, செட்டும் வராது.

துளைகள் இல்லையென்றால், செட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் கிளிப்பில் நிற்கும். அதைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் நுனியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சட்டத்தின் பின்னால் ஸ்க்ரூக்கள் தெரியும். அவற்றைக் கழற்றினால் செட் வெளியே வரும். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தட்டில் போட்டு வையுங்கள். இருக்கைக்கு அடியில் போன ஸ்க்ரூ தைப்பூசத்துக்குக் காணாமற்போன பிள்ளை மாதிரி, கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஓர் எச்சரிக்கை. செட் ஏற்கனவே எண் கேட்டு நின்றுவிட்டது என்றால் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் பொறுத்து வேலை செய்வது நல்லது. ஏர்பேக் உள்ள வண்டியில் இது அவசியம். செட் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது, பின்னால் உதவும் என்று எண்ணை மட்டும் குறித்து வைக்க விரும்புகிறீர்கள் என்றால், ஒயரைக் கழற்றியதுமே நீங்களே வம்பை வரவழைத்துக்கொள்வீர்கள். பாடும் செட்டைத் தொட வேண்டாம். முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

செட் ஒரு சாண் தூரம் வெளியே வந்தாலே போதும். பின்னால் இரண்டு ஒயரிங் சாக்கெட்டும், தடித்த ஏரியல் ஒயரும் இருக்கும். அவற்றை இழுத்து அறுக்க வேண்டாம். மேல்புறத்திலோ பக்கவாட்டிலோ ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில்தான் நம் சீட்டு.

எந்த எண்?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஸ்டிக்கரில் நாலைந்து எண் இருக்கும். பாகத்தின் எண், தயாரித்த தேதி, பார்கோடுக்குக் கீழே ஒரு நீண்ட எண் என்று வரிசையாக. பாகத்தின் எண் அந்த மாடல் செட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதைக் கொடுத்தால் ரகசிய எண் கிடைக்காது. அரிசி மூட்டையில் ரகப் பெயரும் லாட் நம்பரும் வேறு வேறாக இருப்பதுபோல. நமக்கு வேண்டியது லாட் நம்பர்.

அடையாளம் சொல்கிறேன். ஃபோர்டில் மேலே சொன்ன ‘வி’ அல்லது ‘எம்’ எழுத்தும் ஆறு இலக்கமும். ரெனால்ட் வண்டியில் ஓர் ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கமும், மொத்தம் நான்கே குறிகள். பார்கோடின் ஓரத்தில் சிறிதாக இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகனில் ‘வி டபிள்யூ இசட்’ என்றும், ஸ்கோடாவில் ‘எஸ் கே இசட்’ என்றும் தொடங்கும் பதினான்கு குறிகள். எது என்று ஐயம் இருந்தால் முழு ஸ்டிக்கரையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கையால் எழுதும்போது பூஜ்யத்தை ‘ஓ’ என்றும் ஒன்றை ‘ஐ’ என்றும் மாற்றி எழுதுவது சகஜம்.

ஸ்டிக்கரை உரித்து எடுத்துப் போக வேண்டாம். தராசு முத்திரையை நாம் எப்படித் தொடமாட்டோமோ அப்படித்தான் இதுவும். அடுத்த முறையும் அது தேவைப்படும்.

எண்ணை எங்கே வாங்குவது

அந்தந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில். ராஜபாளையத்திலோ விருதுநகரிலோ மதுரையிலோ எங்கே பக்கமோ, முதலில் போன் செய்து கேட்டுவிடுங்கள். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்த முடிவு செய்தது; மறைமலைநகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. அதனால் ஃபோர்டு வண்டிக்கு எண்ணே கிடைக்காது என்று சொல்பவர்கள் உண்டு. விற்பனைதான் நின்றதே தவிர, ஓடும் வண்டிகளுக்கான சர்வீஸ் நிற்கவில்லை. கேட்டுப் பாருங்கள்.

போகும்போது ஆர்.சி., உங்கள் அடையாள அட்டை, ஸ்டிக்கர் படம், சேசிஸ் எண் ஆகியவை வேண்டும். வண்டி உங்களுடையதுதானா என்று அவர்கள் கேட்பார்கள். கேட்பதுதான் முறை. இங்கே நம்மவர்கள் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். கார் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருக்கும், படிவம் 29, 30 இரண்டிலும் பழைய முதலாளியின் கையெழுத்தை வாங்கி பீரோவில் வைத்திருப்பார்கள், ஆர்.சி. இன்னும் பெயர் மாறியிருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். செலவு மிச்சம் என்று தள்ளிப் போட்டவர் ரேடியோ எண்ணுக்கே முழிக்கிறார் என்றால், நாளை விபத்து என்று வந்தால் என்ன ஆவார்? ரேடியோ பாடாதது நல்லதுக்கு நடந்த எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள்.

ஒரு காகிதமும் கேட்காமல் செட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் நினைவகச் சில்லைக் கருவி வைத்துப் படித்து, எண்ணைச் சொல்லிவிடும் கடைகளும் பெரிய ஊர்களில் உண்டு. தொழில்நுட்பம் என்ற அளவில் அது நல்ல வேலைதான்; கம்பெனி கணக்கில் இல்லாத செட்டுக்கு அது ஒன்றே வழி. ஆனால் யார் கொண்டுவந்தாலும் கேள்வி கேட்காமல் திறந்து கொடுக்கும் கடை, பூட்டையே பொருளற்றதாக்கிவிடுகிறது. அத்தகைய இடத்தில் ‘எண் போட்ட நல்ல செட், பாதி விலை’ என்று கிடைப்பதை வாங்குவதற்கு முன் யோசியுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு நம்மேல் பாயும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 411 என்று இருந்தது. பில் இல்லாத சரக்கை எடுக்காத கடைக்காரர், பில் இல்லாத ஸ்டீரியோவை ஏன் எடுக்க வேண்டும்?

ஊகித்து அழுத்த வேண்டாம்

பொறுமை இல்லாத பிள்ளைகள் 0000, 1234 என்று வரிசையாக அழுத்திப் பார்ப்பார்கள். பத்தாயிரம் எண்ணில் ஒன்று தற்செயலாக விழும் என்ற ஆசை. அதற்கும் கம்பெனிக்காரன் வழி செய்திருக்கிறான். ஃபோர்டின் பல செட்களில் மூன்று தவறுக்குப் பின் அரை மணி காத்திருக்க வேண்டும். மொத்தம் பத்து தவறானால் பூட்டிக்கொள்ளும். அப்போது 6-ஆம் பொத்தானை அழுத்திப் பிடித்தால் இன்னும் மூன்று வாய்ப்பு. பதின்மூன்றும் தவறினால் பிறகு சரியான எண்ணைக் கொண்டுவந்தாலும் ஏற்காது. செட்டைப் பழுது பார்ப்பவரிடம்தான் அனுப்ப வேண்டும். ஃபோக்ஸ்வாகனில் இரண்டு தவறுக்கு ஒரு மணி நேரம். ரெனால்ட் செட் கந்துவட்டிக்காரன் போல: முதல் தவறுக்கு ஒரு நிமிடம், அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும்.

காத்திருக்கும் நேரம் செட் ஆனில் இருக்க வேண்டும். அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் கணக்கு ஓடாது. பேட்டரி பலவீனமாக இருந்தால் அதுவும் இறங்கிவிடும். எஞ்சினை ஓடவிட வேண்டியிருந்தால் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம்.

சரியான எண் கையில் வந்தபின் அரை நிமிட வேலை. 1 முதல் 4 வரையுள்ள பொத்தான்களில் ஒவ்வொன்றும் ஓர் இலக்கத்துக்கு உரியது. வேண்டிய எண் வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். ஃபோர்டில் 5-ஐ அழுத்தினால் ஏற்கும். ரெனால்டில் 6-ஐச் சற்று அழுத்திப் பிடிக்க வேண்டும். செட்டைச் சட்டத்துக்குள் தள்ளி மாட்டுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாடினால் மாட்டுங்கள். பாடாவிட்டால் மறுபடி கழற்றும் வேலை மிச்சம்.

முதலாளியே வைத்த எண்

மேலே சொன்னதெல்லாம் கம்பெனி வைத்த எண்ணைப் பற்றி. மாருதி சுஸுகியின் சில வண்டிகளில் வேறு ஏற்பாடு. கம்பெனி எண் வைப்பதில்லை. முதலாளி விரும்பினால் தானே நான்கு இலக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வைத்தவர் மறந்துவிட்டாலோ, சொல்லாமல் வண்டியை விற்றுவிட்டாலோ, வரிசை எண்ணைப் பார்த்து ரகசிய எண்ணைச் சொல்ல எந்தக் கணக்கும் இல்லை. பழைய முதலாளிக்குப் போன் செய்வதே முதல் வழி. மகள் பிறந்த தேதி, பழைய வண்டி எண் என்று பெரும்பாலும் ஏதாவது ஒன்றாக இருக்கும். அவர் நினைவுகூர்ந்து சொல்லட்டும், நாம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம். பலமுறை தவறினால் அந்த செட்டும் உதவி கேட்டு நின்றுவிடும், சர்வீஸ் சென்டரில்தான் எடுக்க வேண்டும்.

அண்மைக் காலத் தொடுதிரை செட்கள் பல வண்டியின் கம்ப்யூட்டரோடு தாமே பேசி, தன் வண்டிதானா என்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பேட்டரி மாற்றினால் எண் கேட்பதில்லை. ஆனால் வேறு வண்டியிலிருந்து கழற்றிய செட்டை வாங்கிப் போட்டால் பேசாமல் இருந்துவிடும். ஆகவே அந்த வகையில் பழைய செட் வாங்கும் எண்ணமே வேண்டாம்.

இனி கார் பேரம் பேசும்போது, மாற்றுச் சாவி எங்கே என்று கேட்கும் அதே மூச்சில் ரேடியோ எண் அட்டை எங்கே என்றும் கேளுங்கள். இல்லை என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் அவர் ஆர்.சி.யை வைத்து அவரையே எண்ணை வாங்கித் தரச் சொல்லுங்கள். அவர் பெயரில் வண்டி இருக்கும்போது அது அவருக்கு எளிது. கிடைத்த எண்ணைக் காரில் எழுதி வைக்காதீர்கள், கிளவ் பாக்ஸில் எழுதி வைப்பது பூட்டோடு சாவியைத் தொங்கவிடுவதுதான். கடையில் இன்சூரன்ஸ் காகிதம் வைத்திருக்கும் கோப்பில் ஒரு வரி, வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. பேட்டரி மாற்றப் போகும் அன்று அந்தக் கோப்பையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதே காரை நாளை நீங்கள் விற்கும்போது, நீங்களாக வைத்த எண் ஏதாவது இருந்தால் வண்டியை ஒப்படைப்பதற்கு முன் நீக்கிவிட்டு, கம்பெனி எண் இருந்தால் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.